மாஸ் எஃபெக்ட்டுக்கு எதுக்குங்க கோனார் உரை?

கேம் ஆடுறவன்னு ஆபீஸ்ல பேர் எடுத்துட்டா கூடவே ஒரு தொல்லையும் வந்துடும். எவனாவது மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனை ஆஃபர்ல வாங்கிட்டான்னா, இன்ஸ்டால் முடியறதுக்குள்ள நம்ம சீட்டுக்கு வந்து நிப்பான். கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "மச்சி, எந்த கிளாஸ் எடுத்தா பெஸ்ட்? யாரும் சாகாம முடிக்கறதுக்கு ஒரு லிஸ்ட் இருக்குமாமே, அனுப்பிவிடுடா."

லிஸ்ட் இருக்குங்க, இல்லைன்னு சொல்லல. எந்த மிஷனை எந்த வரிசையில ஆடணும், யாரை எந்த வேலைக்கு அனுப்பணும்னு அம்புக்குறியெல்லாம் போட்டு படமே இருக்கு. ஆனா நான் அனுப்பறதில்லை. "ஏண்டா இவ்வளவு லொள்ளு பண்றே"ன்னு திட்டறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா விளக்கம் சொல்லி வாய் வலிக்குது. அதனால ஒரேடியா இங்க எழுதி வெச்சுடறேன் :)

என் கட்சி இதுதான். சண்டை போடறதுக்கு என்ன டிப்ஸ் வேணும்னாலும் கேளுங்க. முடிவு எடுக்கறதுக்கு மட்டும் யார்கிட்டயும் கேக்காதீங்க. முதல் தடவை ஆடறப்போ, எடுத்த முடிவு பிடிக்கலைங்கறதுக்காக பழைய சேவ் ஃபைலை லோட் பண்ணவும் பண்ணாதீங்க. இந்த ரெண்டையும் செஞ்சா இந்த கேம்ல இருந்து எடுக்க வேண்டியதை எடுத்துடலாம். மிச்சமெல்லாம் துணுக்குதான்.

கேம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கனடாவுல எட்மண்டன்ல இருக்கற பயோவேர் கம்பெனி 2007, 2010, 2012னு மூணு பாகமா கொண்டுவந்த விண்வெளிக் கதை இது. மூணையும் மெருகேத்தி ஒரே பெட்டியா 2021 மே மாசம் வெளியிட்டதுதான் லெஜண்டரி எடிஷன். நீங்க கமாண்டர் ஷெப்பர்ட். ஆணாவும் ஆடலாம், பொண்ணாவும் ஆடலாம். நார்மண்டின்னு ஒரு கப்பல். அதுல பல இனத்து ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டு கெரகம் கெரகமா சுத்தணும். (எங்க ஊர்ல "என்ன கெரகமோ"ன்னா வேற அர்த்தம். ஆட ஆட அந்த அர்த்தமும் சரியா வரும்.) பாதி நேரம் துப்பாக்கிச் சண்டை, பாதி நேரம் பேச்சு. முக்கியமான விஷயம், முதல் பாகத்துல நீங்க செஞ்சது சேவ் ஃபைல் வழியா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் கூடவே வரும். 2007 கதையில செத்தவர் 2012 கதையிலயும் இருக்க மாட்டார்.

இப்படி ஒரு கேமுக்கு விடைத்தாள் வாங்கிட்டு ஆடினா என்ன மிஞ்சும்?

நம்ம ஆளுங்க ஏன் விடைத்தாள் கேக்கறாங்கன்னு எனக்கு நல்லாவே புரியுது. நானும் இந்த கொங்கு மண்ணுல படிச்சவன்தான். கோனார் தமிழ் உரை இல்லாம செய்யுள் படிச்சவங்க எத்தனை பேருங்க? பாட்டு என்ன சொல்லுதுன்னு நாம யோசிக்கறதுக்கு முன்னாடியே பொழிப்புரை ரெடியா இருக்கும். அதுக்கப்புறம் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிக் கலாசாரம். பதினொண்ணாம் வகுப்புப் பாடத்தை ஓரமா வெச்சுட்டு ரெண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வெச்ச இடங்கள் உண்டுன்னு ஊருக்கே தெரியும். கணக்கு நூறு, பிசிக்ஸ் அம்பது, கெமிஸ்ட்ரி அம்பது, மொத்தம் 200க்கு கட்-ஆஃப். 199.5 வாங்கினவன் அந்த அரை மார்க்குக்காக அழுதான்.

2017ல அப்போ கல்வி அமைச்சரா இருந்த நம்ம கோபிசெட்டிபாளையம் செங்கோட்டையன், பொதுத்தேர்வுல மாநில ரேங்க் அறிவிக்கற வழக்கத்தை நிறுத்தினார். 2017-18 கல்வியாண்டுல பதினொண்ணுக்கும் பொதுத்தேர்வு வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி படிச்சு முடிச்சு இன்னைக்கு பொட்டி தட்டிக்கிட்டிருக்கற எங்க செட்டுக்கு அந்த ரேங்க் புத்தி இன்னும் உள்ளேயே ஓடிக்கிட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை சும்மா ஒரு கேம் ஆட உக்காந்தாலும் "இதுல சென்டம் எப்படி எடுக்கறது"ன்னுதான் முதல்ல தோணுது.

சரி, மேட்டருக்கு வருவோம். முதல்ல சண்டை டிப்ஸ், தாராளமா தர்றேன்.

ஒண்ணு, கிளாஸ் ஆறு இருக்கு. சோல்ஜர், இன்ஜினியர், அடெப்ட், இன்ஃபில்ட்ரேட்டர், சென்டினல், வேன்கார்ட். எது பெஸ்ட்னு கேக்காதீங்க. நம்மூர்ல கல்லை விட்டெறிஞ்சா இன்ஜினியர் தலையிலதான் விழும், அதனால அதை மட்டும் எடுக்காதீங்கன்னு வேணா சொல்லலாம் :) துப்பாக்கி மட்டும் போதும்னா சோல்ஜர். பாய்ஞ்சு போய் எதிரி மூஞ்சியிலயே மோதணும்னா வேன்கார்ட், அதுவும் ரெண்டாவது பாகத்துல இருந்து அது தனி ஆட்டம்.

ரெண்டு, ஷூட்டிங் கேம்னு நினைச்சு விடாம சுட்டுக்கிட்டே இருக்காதீங்க. பவர் வீலைத் திறந்தா சண்டை அப்படியே நிக்கும். நிதானமா யோசிச்சு, கூட வந்த ரெண்டு பேருக்கும் யார் எதை எங்க அடிக்கணும்னு சொல்லிட்டு அப்புறம் விடுங்க. இதைப் பயன்படுத்தாம ஆடறவங்கதான் "கஷ்டமா இருக்கு"ன்னு புலம்பறாங்க.

மூணு, ரெண்டாவது பாகத்துல எதிரிகளுக்கு உயிருக்கு மேல ஒரு கவசம் இருக்கும். ஷீல்டுக்கு ஓவர்லோட், ஆர்மருக்கு இன்சினரேட், பேரியருக்கு வார்ப். இந்த மூணையும் மனசுல வெச்சுக்கிட்டு ஆள் எடுத்தா பாதிச் சண்டை முடிஞ்சது.

நாலு, ஒவ்வொரு மிஷன் முடிஞ்சதும் கப்பல்ல ஒரு சுத்து சுத்தி எல்லார்கிட்டயும் பேசுங்க. இது சண்டை டிப்ஸானு கேக்கலாம். சொல்றேன் கேளுங்க.

ரெண்டாவது பாகத்தோட கடைசி மிஷனுக்கு பேரே தற்கொலை மிஷன். அதுல யார் வேணும்னாலும் சாகலாம், ஷெப்பர்ட் உட்பட. லிஸ்ட் கேக்கறவங்க எல்லாரும் பயப்படறது இதுக்குத்தான். ஆனா உண்மை என்னன்னா, லிஸ்ட்ல இருக்கற பாதி விஷயம் கப்பல்ல ஆளுங்ககிட்ட பேசினாலே தானா வந்துடும். கப்பலுக்கு என்ன கவசம் வேணும், என்ன பீரங்கி வேணும்னு உங்க ஆளுங்களே வாயைத் திறந்து சொல்வாங்க, நீங்க போய் நின்னு கேட்டா. அவங்கவங்க மனசுல கிடக்கற சொந்தப் பிரச்சினையை தீர்த்துட்டு வந்தா, கடைசி நேரத்துல கவனம் சிதறாம சண்டை போடுவாங்க.

யாரை எந்த வேலைக்கு அனுப்பறதுங்கறதும் அப்படித்தான். அந்த மிஷன்ல "நான் போறேன்"னு ஒருத்தர் முன்வருவார். முன்வந்தவர்ங்கறதுக்காக அவரை அனுப்பினா என்ன ஆகும்னு நான் சொல்லப்போறதில்லை. ஆனா ஆபீஸ்ல ஆணி புடுங்கறவங்களுக்கு இது தெரியாதா என்ன? மீட்டிங்ல முதல்ல கை தூக்கறவரும் வேலை தெரிஞ்சவரும் ஒரே ஆளா இருக்கணும்னு ஒண்ணும் இல்லையே. முப்பது மணி நேரமா கூடவே திரிஞ்ச ஆளுங்க. யாருக்கு என்ன வரும், யார் பேச்சை யார் கேப்பாங்கன்னு உங்களுக்கே தெரியணும். கேம் வைக்கற பரீட்சை அதுதான். லிஸ்ட்டைப் பாத்து எழுதினா பாஸ் ஆயிடலாம், ஆனா கூட வந்தவங்க யாருன்னே தெரியாம பாஸ் ஆயிருப்போம்.

அடுத்தது அந்த லோட் விஷயம். முதல் பாகத்துல விர்மைர்னு ஒரு கெரகம் வரும். அங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை விட்டுட்டுத்தான் வரணும். ரெண்டு பேரையும் காப்பாத்தற வழி எந்த லிஸ்ட்லயும் கிடையாது. இதுவரைக்கும் எத்தனையோ கேம் ஆடியாச்சு, இந்த இடத்துல எல்லாரும் கொஞ்சம் நிப்பாங்க. ஏன்னா மார்க் போட அங்க ஆளே இல்ல. எதை எடுத்தாலும் ஒரு நாற்காலி காலி. ஊர்ல வயசானவங்க எல்லாம் ஆளுக்கொரு இப்படிப்பட்ட கதையை வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காங்க.

என் ஆட்டத்துல அதே கெரகத்துல இன்னொருத்தரும் போயிட்டார். அவரைப் பேசி சமாதானப்படுத்தற அளவுக்கு என் ஷெப்பர்ட்டுக்கு பேச்சுத்திறமை ஏறல. (பேர் சொல்லல, ஆடினவங்களுக்குப் புரியும். இனிமே ஆடப்போறவங்க இந்த ஒரு பத்தியைத் தாண்டிடுங்க.) லோட் பண்ணாம அப்படியே போனேன். ரெண்டு பாகம் தள்ளி, அவர் உக்காந்திருக்க வேண்டிய இடத்துல வேற ஒருத்தர் உக்காந்திருந்தார். வாயைத் திறந்தா பழி தீர்க்கற பேச்சு. அந்த ஆளை நம்பி ஒரு இனத்தோட தலைவிதியை ஒப்படைக்கலாமாங்கற கேள்வி அப்பத்தான் உண்மையிலயே கேள்வியாச்சு. முதலாமவர் உயிரோட இருந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லியிருப்பேன். லிஸ்ட் வெச்சு ஆடினவங்க அந்த ரெண்டாவது ஆள் தலைமைக்கு வர்ற கதையைப் பாத்தே இருக்க மாட்டாங்க. அவருக்கும் ஒருத்தர் உக்காந்து வசனம் எழுதியிருக்கார், இன்னொருத்தர் குரல் கொடுத்திருக்கார். காசு கொடுத்து வாங்கின கேம்ல ஒரு பகுதியை நாமளே பூட்டி வெச்சுக்கறோம்.

பயோவேர்ல வேலை பார்த்த ஜான் எபெங்கர் 2020ல ஒரு கணக்கு சொன்னார். கிட்டத்தட்ட 92 சதவீதம் பேர் பாரகன் வழியில, அதாவது நல்லவர் வழியிலதான் ஆடினாங்களாம். ரெனகேட் வழிக்கு அவ்வளவு உழைச்சிருந்தாங்களேன்னு அவருக்கு ஆதங்கம். நல்லவரா இருக்கறது தப்பில்லைங்க. ஆனா அதுல எத்தனை பேர் யோசிச்சு நல்லவரா இருந்தாங்க, எத்தனை பேர் நீலக் கலர்ல இருந்த வரியை கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினாங்கங்கறதுதான் என் சந்தேகம்.

இதுல கேம் மேலயும் குத்தம் இருக்கு, மறைக்கக் கூடாது. முதல் ரெண்டு பாகத்துலயும் நல்லது, கெட்டதுன்னு ரெண்டு தனி மார்க் ஓடும். ஒரே பக்கமா சேர்த்து வெச்சாத்தான் சில முக்கியமான பேச்சு வரிகள் திறக்கும். ரெண்டையும் கலந்து, மனசுக்குப் பட்டபடி ஆடறவனுக்கு கதவு சாத்திக்கும். யோசிக்கறவனைத் தண்டிச்சு, உருப்போடறவனுக்குப் பரிசு கொடுக்கற வேலை இது. மூணாவது பாகத்துல ரெண்டையும் ஒரே மதிப்பாக் கூட்டி இதை ஓரளவு சரி பண்ணினாங்க. அதே பாகத்துக்கு 2012ல 'ஆக்‌ஷன் மோட்'னு ஒண்ணும் வெச்சாங்க. அதுல பேச்சு முடிவெல்லாம் கேமே எடுத்துக்கும், நீங்க சுட்டா மட்டும் போதும். லிஸ்ட் கேக்கறவங்களுக்கு நான் சிபாரிசு பண்றது அதைத்தான் ;)

"உனக்கென்ன, கல்யாணம் ஆகல, நேரம் இருக்கு. எனக்கு வாரத்துக்கு எட்டு மணி நேரம் கிடைக்கறதே பெருசு. மூணு கேமும் சேர்ந்து நூறு மணி நேரம். மூணு மாசம் ஆடி கடைசியில எல்லாரும் செத்துட்டா எவன் திருப்பி ஆடறது?" இது என் ஃப்ரெண்டு கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனா அதே கணக்கை நான் திருப்பிப் போடறேன். மூணு மாசத்து ராத்திரியைக் கொடுக்கறோம். அவ்வளவையும் கொடுத்துட்டு, வேற யாரோ எடுத்த முடிவுகளை வரிசையா டிக் அடிச்சுட்டு எந்திரிச்சா, அதுக்குப் பேர் டெஸ்ட் கேஸ் ஓட்டறது. அதைத்தான் பகல்ல சம்பளம் வாங்கிட்டு செய்யறோமே.

இன்னொண்ணு, நாம ஆடறப்போ நம்ம ஊரும் நம்ம கூடவே வரும். லிஸ்ட் இருந்தா அது வாசல்லயே நின்னுடும். க்ரோகன்னு ஒரு இனம். சண்டைக்கு ஆள் வேணும்னு அவங்களைத் தூக்கிவிட்டதே சலேரியன்னு இன்னொரு இனம். அப்புறம் க்ரோகன் பெருகி ஊரையே பிடிக்க ஆரம்பிச்சதும், ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒண்ணுதான் பிழைக்கற மாதிரி ஒரு உயிரியல் ஆயுதத்தை சலேரியன்கள் உருவாக்க, டூரியன்கள் ஏவி விட்டாங்க. அதைப் பிற்காலத்துல புதுப்பிச்ச குழுவுல வேலை செஞ்ச மோர்டின்னு ஒரு டாக்டர் உங்க கப்பல்லயே இருப்பார். ரொம்ப நல்ல மனுஷன், பாட்டெல்லாம் பாடுவார். "கணக்குப் போட்டுத்தான் செஞ்சோம், வேற வழியில்ல"ங்கறது அவர் வாதம். வெளிநாட்டுக்காரனுக்கு இது வெறும் கற்பனையா இருக்கலாம். 1976 நவம்பர்ல ஹரியானாவுல உத்தாவர் கிராமத்தை போலீஸ் சுத்தி வளைச்சு ஆம்பளைங்களைப் பிடிச்சுட்டுப் போய் கருத்தடை பண்ணின எமர்ஜென்சி கதை நமக்குத் தெரியும். அதுக்கும் ஜனத்தொகைக் கணக்கு காட்டினவங்க இருந்தாங்க. மோர்டினுக்கு நீங்க சொல்ற பதில் அதையும் யோசிச்சு வர்ற பதிலா இருக்கட்டும்.

குவேரியன்னு இன்னொரு இனம். சொந்த கெரகத்தை இழந்துட்டு கப்பல் கப்பலா அலையறவங்க. பேரோட கப்பல் பேரையும் சேர்த்துத்தான் சொல்வாங்க. டாலின்னு ஒரு பொண்ணு, அவ எந்தக் கப்பலைச் சேர்ந்தவங்கறது அவ பேர்லயே இருக்கும், கப்பல் மாறினா பேரும் மாறும். ஈ.வெ.ரா.வுல இருக்கற 'ஈ' ஈரோடுன்னு தெரிஞ்ச நமக்கு இதை யாராவது விளக்கணுமா? அவ பேர்ல எந்தக் கப்பல் ஒட்டுதுங்கறது ஒரு இடத்துல பெரிய விஷயமா வரும். ஊர்ப் பேரை இனிஷியல்ல சுமக்கறவங்களுக்கு அந்த இடம் கொஞ்சம் கூடுதலாவே தைக்கும். அப்போ கைபேசியில லிஸ்ட் பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

நடைமுறைக்கு நாலு வார்த்தை. சப்டைட்டிலை ஆன் பண்ணிக்கோங்க. தமிழ்ல கிடையாது, ஆங்கிலம்தான், ஆனா பேச்சு வேகத்துக்கு அது வேணும். டிஸ்க்ல நூறு ஜிபிக்கு மேல இடம் ஒதுக்குங்க. சேவ் ஃபைல் தாராளமா வெச்சுக்கோங்க, ஆனா கரண்ட் போனாலோ கேம் தொங்கினாலோ மட்டும் தொடுங்க. 2012 வாக்குல நாள் பூரா மின்வெட்டுல கிடந்த ஊருங்க இது, அந்த விதிவிலக்கு நமக்குச் சட்டப்படி உண்டு. சண்டையில செத்தா திரும்ப ஆடறது வேற விஷயம், அதுக்குத் தடையே இல்ல. மூணாவது பாகத்து முடிவைப் பத்தி 2012ல பெரிய கலவரமே நடந்துச்சு. எந்த முடிவை எடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்குன்னு, மூணு கலர்ல ஒரே ருசியில கப்கேக் செஞ்சு கம்பெனிக்கே அனுப்பினாங்க ரசிகர்கள். நம்ம கோவைக் குசும்பையே தோற்கடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வருஷமே ஜூன்ல முடிவை விரிவாக்கி இலவசமாக் கொடுத்தாங்க, லெஜண்டரி எடிஷன்ல அது சேர்ந்தே வருது. எனக்கு அந்த முடிவு மேல பெரிய மரியாதை இல்ல. ஆனா கடைசிப் பத்து நிமிஷத்துக்காக முன்னாடி போன நூறு மணி நேரத்தைத் தள்ளிவிட முடியாது.

ரெண்டாவது தடவை ஆடறப்போ லிஸ்ட் என்ன, என்சைக்ளோபீடியாவே வெச்சுக்கோங்க, நானே அனுப்பறேன். முதல் தடவை மட்டும் வேண்டாம். லிஸ்ட் வெச்சு முடிச்ச ரெண்டு பேரை டீக்கடையில உக்கார வெச்சுப் பாருங்க, "சூப்பர்ல?" "ஆமா, சூப்பர்", அதோட பேச்சு முடிஞ்சது. லிஸ்ட் இல்லாம ஆடின ரெண்டு பேருன்னா டீ ஆறிடும், அடுத்த டீயும் ஆறிடும். "அவரையா விட்டுட்டு வந்தே? ஏண்டா?"ன்னு சண்டையே வரும்.

அந்தச் சண்டை எனக்கு வேணும். ஆடினவங்க சொல்லுங்க, விர்மைர்ல யாரை விட்டுட்டு வந்தீங்க, எதுக்காக?

டிஸ்கி: லெஜண்டரி எடிஷன்ல பழைய டிஎல்சி ஒண்ணு மட்டும் கிடையாது, பேர் பினாகிள் ஸ்டேஷன். அதோட சோர்ஸ் கோடு கெட்டுப்போச்சு, வெளியில இருந்து வாங்கின பேக்கப்பும் கெட்டுப்போயிருந்துச்சாம். விண்வெளியையே காப்பாத்தின கம்பெனிக்கு இந்த நிலைமை. பொட்டி தட்டற மக்களே, நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையா உங்க பேக்கப் திறக்குதான்னு பாருங்க. அவ்வ்வ்வ்.